பிஎச்.டி சேருமுன் ஒருமுறை வயலைப் போய்ப் பாருங்கள்

மே, ஜூன் வந்துவிட்டால் ஒரே மாதிரியான போன் அழைப்புகள் எனக்கு வரும். "சார், எம்.எஸ்ஸி அக்ரி முடிச்சிருக்கேன். பிஎச்.டி சேரலாம்னு இருக்கேன். எந்த டாபிக் எடுத்தா நல்லது?" நான் பதிலுக்குக் கேட்பேன்: "எந்த நிலத்துல பண்ணப் போறீங்க?" அதோடு மறுமுனையில் பேச்சு நின்றுவிடும்.

உழவியல் துறையில் இருபது வருடங்களுக்கும் மேலாக ஆய்வு மாணவர்களை வழிநடத்தி வருகிறேன். பாதியில் விட்டுப் போன பிள்ளைகளையும், ஏழாவது வருடம் வரை இழுத்துக்கொண்டு போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் நல்ல கெட்டிக்காரர்கள். கேட்க வேண்டியதைக் கேட்காமல், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் சேர்ந்துவிட்டார்கள். இதை எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் காலக் கணக்கு. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இன்று ஒரு வினை கெட்டுப்போனால் நாளை காலை மறுபடி செய்துகொள்ளலாம். சம்பா நெல்லில் ஒரு சோதனை கெட்டால் அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டும். வயல் சோதனை முடிவை ஒரே பருவத்தை வைத்து யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு வருட மழை, ஒரு வருட வெயில் கொடுத்த விளைச்சல் அடுத்த வருடம் அப்படியே வராது. ஆகவே குறைந்தது இரண்டு பருவம் வேண்டும். இப்போது விரல் விட்டு எண்ணுங்கள். அக்டோபரில் சேருகிறீர்கள். பாடங்கள், தேர்வுகள், ஆலோசனைக் குழு முன் ஆய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் என்று முதல் வருடம் ஓடிவிடும். எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தால் அடுத்த ஆகஸ்டில் முதல் சம்பா, அதற்கடுத்த ஆகஸ்டில் இரண்டாவது சம்பா. அது அறுவடையாகி நெல் மூட்டை உள்ளே வரும்போது நீங்கள் சேர்ந்து இரண்டேகால் வருடம் கடந்திருக்கும். இதற்கு மேல்தான் மண், செடி மாதிரிகளின் பகுப்பாய்வு, எழுத்து வேலை, சமர்ப்பிப்பு எல்லாம். மூன்று வருடத்துக்குள் முடிப்பது நூல் மேல் நடக்கிற காரியம். நவம்பரில் ஒரு புயல் வந்து வயலை மூழ்கடித்தால் ஒரு வருடம் போயிற்று.

அதனால் சேருமுன் ஒருமுறை வயலை நேரில் போய்ப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது எந்தப் பாத்தி? கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா, மோட்டார் யார் கையில்? முந்தின வருடம் அதே இடத்தில் யார் என்ன சோதனை செய்தார், எவ்வளவு உரம் போட்டார்? எலித் தொல்லை, மயில் தொல்லை எப்படி? வேலைக்கு ஆள் கிடைப்பார்களா, கூலி யார் தருவார்கள்? பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்வேன். பண்ணையில் கழிப்பறை இருக்கிறதா, மாலையில் திரும்பி வர வண்டி இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வயலில் நின்று சிறுநீர்த் தொற்றோடு வந்த மாணவிகளை எனக்குத் தெரியும்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்ணிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைக்கும் பாக்டீரியாவை நெல்லுக்குக் கொடுத்தால் உரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பது அவளுடைய ஆய்வு. முதல் சம்பா அறுவடை முடிந்து ஒருநாள் மாலை என் அறைக்கு வந்து வயல் நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். மழையில் ஊறி ஓரமெல்லாம் சுருண்ட நோட்டு அது. "சார், எந்த ட்ரீட்மென்ட்டுக்கும் வித்தியாசமே வரல" என்றாள். பாக்டீரியா கொடுத்த பாத்திக்கும் கொடுக்காத பாத்திக்கும் விளைச்சல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொரு ட்ரீட்மென்ட்டையும் பல பாத்திகளில் திரும்பத் திரும்பப் போடுவோம், அதுதான் ரெப்ளிகேஷன். சீனியர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார்: "மூணாவது ரெப்ளிகேஷன்ல ரெண்டு நம்பரை மாத்திடு, யாரு பார்க்கப் போறா?" அதைச் சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள்.

நான் கேட்டது ஒன்றுதான்: "நடவுக்கு முன்னாடி எடுத்த மண் பரிசோதனை எங்கேம்மா?" எடுத்து வைத்திருந்தாள், ஆனால் பகுப்பாய்வுக்குக் கொடுக்கவில்லை. மறுநாளே கொடுத்தோம். எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் செடிக்குக் கிடைக்கும் மணிச்சத்து இருந்தால் அது வளமான மண் என்று நம் ஊர்க் கணக்கு. 11-க்குக் கீழே போனால் ஏழை மண். அவளுடைய வயல் அந்த 22-ஐத் தாராளமாகத் தாண்டியிருந்தது. வருடக்கணக்காக மணிச்சத்து உரமான டிஏபி கொட்டிய பண்ணை நிலம் அது. வயிறு நிறைந்தவனுக்கு மறுபடி இலை போட்ட கதைதான். இரண்டாவது பருவத்துக்கு மணிச்சத்து குறைந்த ஒரு விவசாயியின் நிலத்தையும் சேர்த்துக்கொண்டோம். எந்த மண்ணில் இந்த உயிர் உரம் வேலை செய்யும், எதில் செய்யாது என்பதே அவளுடைய ஆய்வேடு ஆயிற்று. அந்த இரண்டு எண்ணை அவள் மாற்றியிருந்தால் விவசாயிக்குப் பயன்படும் அந்த விடை மண்ணோடு போயிருக்கும்.

வித்தியாசம் வராததும் ஒரு முடிவுதான், சோதனை சரியாக அமைந்திருந்தால். அதிலும் பலர் சறுக்குகிறார்கள். நாலு ட்ரீட்மென்ட், மூன்று ரெப்ளிகேஷன் என்று போட்டுவிட்டு வருகிறார்கள். தற்செயல் வேறுபாட்டை எவ்வளவு நம்பி அளக்கலாம் என்று காட்டும் பிழைக்கான கட்டின்மை எண் (degrees of freedom) அதில் ஆறுதான் கிடைக்கும். குறைந்தது பன்னிரண்டு இருக்கட்டும் என்பது எங்கள் துறையில் நெடுநாள் வழக்கம். நாலு ட்ரீட்மென்ட் என்றால் ஐந்து ரெப்ளிகேஷன் வேண்டும். ஏழு என்றால் மூன்று போதும். நடவுக்கு முன்பே புள்ளியியல் ஆசிரியரிடம் போய் உட்காருங்கள். அறுவடை முடிந்த பிறகு அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை. இன்னொரு சின்ன விஷயம்: மாதிரிப் பைகளில் கட்டும் அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மழையில் கரைந்து, எந்தப் பை எந்தப் பாத்தி என்று தெரியாமல் ஒரு பருவ உழைப்பே வீணானதைப் பார்த்திருக்கிறேன்.

தலைப்பைப் பற்றி. "புது ரகம் கண்டுபிடிக்கணும் சார்" என்று ஆசையோடு வருகிறவர்கள் உண்டு. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வெள்ளை என்ற கரும்பையும் நாணல் இனத்தையும் 1912-இல் கலந்தார்கள். அதிலிருந்து கோ 205 என்ற ரகம் வெளிவந்தது 1918-இல், ஆறு வருடம் கழித்து. கரும்பாவது கரணை வைத்து அப்படியே பெருக்கிக்கொள்ளும் பயிர். நெல்லில் கலப்புக்குப் பிறகு குணங்கள் நிலைக்கவே ஆறேழு தலைமுறை ஆகும். அதன் பிறகு பல இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் ஆய்வுக் காலத்தில் கலப்புக்குப் பின் வரும் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் (எஃப் 2, எஃப் 3) ஒரு குணம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். அதுவே நல்ல ஆய்வு. மூன்று வருடத்தில் விடை சொல்லக்கூடிய கேள்வியை எடுங்கள்.

தேர்வுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்தும் நெட், உதவிப் பேராசிரியர் தகுதிக்கானது. அதில் உதவித்தொகை கிடையாது. வேளாண் பிஎச்.டிக்கு உதவித்தொகையோடு இடம் வேண்டுமானால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஏஆர்) ஜேஆர்எஃப்/எஸ்ஆர்எஃப் தேர்வைப் பாருங்கள். அடிப்படை அறிவியல் படித்தவர்களுக்கு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட். அதன் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். ஆனால் மாதாமாதம் ஒன்றாம் தேதி வந்துவிடும் என்று நம்பி வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போடாதீர்கள். மாதக்கணக்கில் நின்று மொத்தமாக வருவதும் உண்டு. ஆறு மாதச் செலவுக்கு ஏற்பாடு செய்துகொண்டு சேருங்கள்.

கைடு தேர்வில் தயவுசெய்து பெயருக்கு மயங்காதீர்கள். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரையும், முடித்துப் போன ஒருவரையும் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் திருத்தித் தருகிறார், சோதனை கெட்டபோது என்ன சொன்னார் என்று கேளுங்கள். ஓய்வு எப்போது என்பதும் முக்கியம். யுஜிசியின் 2022 விதிப்படி, பணி ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புது மாணவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அதே விதியில் படிப்புக் காலம் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் இரண்டு வருடம் தரலாம். பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. இது தெரியாமல் கர்ப்ப காலத்தில் படிப்பையே விட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிப் புத்தகத்தை வாங்கி ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் நேர்முகத் தேர்வுக் குழுவுக்குப் புரிந்துவிடும். எங்கள் துறையில் வேளாண் அறிவியல் அகாடமி இதழ்களுக்குத் தரும் நாஸ் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அந்தப் பெண்ணின் வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு, "வயல் நோட்டு இருக்கா?" என்று கேட்டார். அந்தச் சுருண்ட நோட்டை எடுத்துக் கொடுத்தாள். முதல் பருவத்தின் மூன்றாவது ரெப்ளிகேஷன் பக்கத்தைத் திருப்பி, ஆய்வேட்டின் அட்டவணையோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் அப்படியே இருந்தன.