கிட் கார் என்பது கருவிப்பெட்டி அல்ல

போன வாரம் மறுபடியும் காதில் விழுந்தது. பழைய கார்களைப் பற்றிய ஒரு தமிழ்க் காணொளியில் குரல் கொடுத்தவர் ‘கிட் கார்’ என்பதைக் ‘கருவிப்பெட்டி மகிழுந்து’ என்கிறார், அதுவும் மூன்று தடவை. திரையில் ஓடுவது லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் கார். எங்கே ஐயா பெட்டி?

டச்சுக்காரர்களின் மரத்தொட்டியில் தொடங்கிய ‘கிட்’, சிப்பாயின் மூட்டை முடிச்சாகி, பிறகு ஒரு வேலைக்கு வேண்டிய மொத்தச் சாமான் என்றானது. கிட் கார் என்றால் உதிரிகளாக வாங்கி நாமே பூட்டி ஓட்டுவது. பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி இருந்தது, உதிரிகளுக்கு இல்லை. 1957-இல் வந்த லோட்டஸ் செவனை ஆட்கள் வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டியது அதனால்தான். 1973-இல் வாட் வரி வந்ததும் சலுகை போனது.

கருவி என்பது ஸ்பேனர், ஜாக்கி, ஸ்குரூ டிரைவர். அதையெல்லாம் நாம்தான் வாங்கி வைக்க வேண்டும். கிட்டில் வருவது காரேதான். முதலுதவிப் பெட்டி என்று யாரோ நன்றாகப் பெயர்த்துவிட்டுப் போனார்கள், அன்றிலிருந்து கிட் எங்கே வந்தாலும் ஒரு பெட்டியை ஒட்டிவிடுகிறார்கள், கையில் ஒரு தடவையாவது கிரீஸ் பட்டிருந்தால் இப்படி எழுத வராது. இன்னொருவர் தூய தமிழில் ‘கோவை மகிழுந்து’ என்றார். கோவை என்றால் கோத்தது, இலக்கணம் சரி. ஆனால் எங்கள் கம்பத்தில் அதைச் சொன்னால் டிஎன் 37 நம்பர் பிளேட்டைத் தேடுவார்கள். பட்டறைச் சொல்லை எடுக்கலாமென்றால் அங்கே கழற்றுவார்கள், மாட்டுவார்கள். ‘மாட்டு வண்டி’ என்று எழுதிவிட்டு நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? மகிழுந்தை மட்டும் இந்த ஓர் இடத்தில் மன்னித்துவிடலாம், வேறெந்தப் பிரயோசனமும் இல்லாத வண்டி இது.

என்னிடம் ஒன்று இருப்பதால்தான் இவ்வளவு கோபம். அடியில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரின் சேஸ், அதாவது அடிச்சட்டம், மேலே பைபர் பாடி. ஹெரால்டில் சேஸ் தனி, பாடி தனி. அதனால் இங்கிலாந்திலும் கிட் கார்க்காரர்கள் இதன் மூல வண்டியான ட்ரையம்ப் ஹெரால்டைத் தேடிப் பிடிப்பார்கள். ஞாயிறு காலை, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்க உதவும் பாயின்ட்டை எமரி தாளில் இரண்டு இழு இழுத்து, இடைவெளி பார்த்து மாட்டி, சோக்கை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் நாலாவது தடவை இருமிக்கொண்டே பிடிக்கும். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலையில் இரண்டாம் கியரில் ஏறும்போது காலடியில் கியர்பாக்ஸ் சூடு, மூக்கில் பெட்ரோல் வாடை. பாதியில் ரேடியேட்டர் கொதிக்கும். நிறுத்தி ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்க வேண்டியதுதான். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் போவதே என்று வீட்டில் சொல்வதில்லை.

இதை ‘வின்டேஜ்’ என்பதும் தப்பு. அந்தச் சொல்லுக்கு மூலம் திராட்சை அறுவடை, கம்பத்துக்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் 2021 மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. பாடியே மாறிய வண்டிக்கு அந்தப் பட்டம் கிடைக்காது.

சரி, என் சொல் ‘கோப்புக் கார்’. கோப்பு என்றதும் அலுவலக பைல் ஞாபகம் வருகிறவர்கள் ‘கட்டுக்கோப்பு’ என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள், கோப்பது என்ற பொருள் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மலை ஏறினால் இன்னும் தெளிவு: மலையாளத்தில் கோப்பு என்றால் சாமான்தான். களிக்கோப்பு பொம்மை, வெடிக்கோப்பு வெடிமருந்துச் சாமான், கதகளிக்காரர்களின் உடுப்பும் அணியும் கதகளிக்கோப்பு. கிட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக எது? ஒரே சங்கடம், ஒன்றுக்கும் உதவாததைத் திட்டவும் அங்கே இதே சொல்தான்.

குமுளி டீக்கடைச் சேட்டனிடம், “இதுக்குப் பேரு கோப்புக் கார்” என்று பெருமையாகச் சொன்னேன். கீழே சொட்டிக்கொண்டிருந்த ஆயிலைக் குனிந்து பார்த்துவிட்டு, “அது கண்டாலே தெரியுதே” என்றார்.