விரிசலைத் தானே அடைக்கும் சுண்ணாம்புச் சுவர்

திருநெல்வேலி டவுன் கீழ ரத வீதியில் தாத்தா காலத்துக் கடையைப் புதுப்பிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "விளம்பரப் பலகையைக் கழற்றியதும் பழைய காரைப்பூச்சு தெரிந்தது. மயிரிழை விரிசல்களில் வெள்ளைக் கோடுகள். உப்புப் பூத்துவிட்டது, கொத்தி எடுத்துச் சிமெண்ட் பூசலாம் என்கிறார் கொத்தனார். பூசலாமா?"

பொறுங்கள். அந்தக் கோட்டை மட்டும் சுரண்டி, பாதியில் தண்ணீரும் பாதியில் எலுமிச்சைச் சாறும் விடுங்கள். தண்ணீரில் கரைந்தால், உப்பு என்று கொத்தனார் சொன்னது சரி. கரையாமல், சாற்றில் நுரைத்தால் அது கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே படிகம். சுவர் தன் விரிசலைத் தானே அடைத்திருக்கிறது!

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். நீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரேறிய பின் காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கி மறுபடி கல்லாகும். காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம்தான். ஆகவே கனத்த சுவரின் உட்புறம் பல ஆண்டுகள் கல்லாகாமலே இருக்கும்.

கல்லாகாத அந்த மிச்சச் சுண்ணாம்பில்தான் விந்தை இருக்கிறது. ஐப்பசி மழை விரிசலில் இறங்கும்போது, ஒரு லிட்டர் நீர் சுமார் 1.5 கிராம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. மழை விட்டதும் விரிசலுக்குள் காற்று நுழைகிறது. கரியமில வாயு நீரில் கலந்து, கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கால்சைட்டாக மாறுகிறது. இது நீரில் கரையும் அளவோ அதில் நூறில் ஒரு பங்குதான். கரைந்திருக்க முடியாமல் படிகமாகி விரிசலின் இரு கரையிலும் ஒட்டுகிறது. அடுத்த மழையில் அதன்மேல் இன்னொரு படலம். எப்போதும் ஊறிக்கிடக்கும் சுவரில் காற்று நுழையாது. எப்போதும் காய்ந்த சுவரில் கரைக்க நீரிருக்காது. மழையும் சுள்ளென்ற வெயிலும் மாறிமாறி வரும் நம் ஊர் இதற்கு மிகத் தோதானது.

கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த பழைய காரையை முன்னோர் ரகசியம் என்று கும்பிடுவதோடு நிறுத்திக்கொள்வதை நான் ஏற்கவில்லை. அளந்து பார்க்க வேண்டும். 2017இல் பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்ந்த ஊர் இது. அத்தகைய நிதியில் ஒரு பங்காவது நம் பொறியியல் கல்லூரிகளில் காரை ஆய்வுக்குப் போகட்டும்.

விரல் நுழையும் விரிசலைச் சுவரால் மூட முடியாது. அதற்குச் சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். சிமெண்ட் விறைப்பானது, மென்மையான பழைய செங்கல்லோடு சேர்ந்து அசையாது, ஈரத்தையும் உள்ளே பூட்டிவிடும். மேற்பூச்சுக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பே அடியுங்கள்.