தோஸ்தானா: நட்பா, நேசமா?

‘அவன் நம்ம தோஸ்துபா’ என்று சென்னை ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னால் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள். தோஸ்த் பாரசீகச் சொல். உருது வழியாக நம் தெருவுக்கு வந்தது. அதோடு ‘ஆனா’ விகுதி சேர்ந்தால் தோஸ்தானா. மர்த் என்றால் ஆண், மர்தானா ஆண்களுக்குரியது. ஜன் என்றால் பெண், ஜனானா அந்தப்புரம். அந்தக் கணக்கில் தோஸ்தானா ‘நண்பருக்குரியது’. இந்தியில் அதுவே நட்பைக் குறிக்கும் பெயராகவும் நிற்கிறது. அந்தப் பெயரில் இரண்டு இந்திப் படங்கள் உண்டு; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

பாரசீகத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதற்கு ஈரானில் இன்றும் ‘தூஸ்தத் தாரம்’ என்கிறார்கள். தோஸ்த்தான் அங்கே தூஸ்த். ‘யார்’ என்ற பாரசீகச் சொல்லும் இப்படியே: தோழனும் அதுதான், காதலரும் அதுதான்.

1980இல் யஷ் ஜோஹர் தயாரித்த ‘தோஸ்தானா’வில் அமிதாப் பச்சன் போலீஸ், சத்ருகன் சின்ஹா வக்கீல். இருவரும் ஒரே பெண்ணை விரும்ப, நட்பு உடைகிறது. கதாநாயகியைவிட நண்பனுக்காகத்தான் உருக்கம் அதிகம் என்று எனக்குத் தோன்றும். அதை அன்று நட்பு என்று மட்டுமே பார்த்தார்கள்.

2008இல் அதே தலைப்பு. இம்முறை தயாரித்தவர் யஷ் ஜோஹரின் மகன் கரண், நடித்தவர் அமிதாப்பின் மகன் அபிஷேக், கூடவே ஜான் ஆபிரகாம். மயாமியில் வாடகை வீடு கிடைப்பதற்காக இருவரும் காதலர் என்று பொய் சொல்கிறார்கள். விஷயம் படத்தில் அபிஷேக்கின் அம்மாவாக வரும் கிரண் கேர் காதுக்குப் போகிறது. முதலில் ஒப்பாரி. பிறகு ஜான் ஆபிரகாமை மருமகளை அழைப்பதுபோல் வாசலில் வரவேற்று வளையல் தருகிறார். சிரிக்க வைக்கத்தான் எழுதிய காட்சி. ஆனால் வளையல் கைமாறும்போது அம்மாவிடம் கிண்டல் இல்லை. பொய்யாகச் சொன்னதால் அது நகைச்சுவை. மெய்யாக இருந்திருந்தால், இந்தியாவில் அன்று தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப் பிரிவு இருந்தது; 2018 செப்டம்பர் 6 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2020இல் வந்த ‘ஷுப் மங்கல் ஜ்யாதா சாவ்தா’னில் இரண்டு ஆண்கள் நேரடியாகவே காதலர்கள். அங்கே தோஸ்தானா என்ற போர்வை தேவைப்படவில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? நட்புக்கு வேர் நள்; நள்ளுதல் என்றால் விரும்பி நெருங்குதல். ‘திருவிளையாடல்’ தருமி பொற்கிழி ஆசையில் அரசவைக்குக் கொண்டுபோன ‘கொங்குதேர் வாழ்க்கை’யில் ‘பயிலியது கெழீஇய நட்பின்’ என்று வரும். அங்கே நட்பு தலைவன் தலைவியின் காதல். குறுந்தொகையில் அதற்கு அடுத்த பாட்டிலும் ‘நாடனொடு நட்பே’ என்று தலைவி சொல்வது காதலைத்தான். இன்றோ ‘வெறும் நட்புதாங்க’ என்றால் காதல் இல்லை என்று பொருள்!

ஆகவே 1980 படத்துக்கு நட்பு, தோழமை போதும். 2008க்கு நேசம்; வடசொல் வேண்டாதவர்களுக்குக் கேண்மை. சிலர் ஓரினச்சேர்க்கை என்று எழுதுகிறார்கள். அது படுக்கையை மட்டும் பார்க்கும் சொல்; தன்பாலீர்ப்பு மேல். ஆனால் இந்தப் படத்துக்கு அதையும் அப்படியே போட முடியாது, இருவரும் காதலர்போல் நடிக்கிறவர்கள்தான். இறுதியில் கதாநாயகி பிரியங்கா சோப்ரா, அப்படி நடித்த நாட்களில் உங்களுக்குள் ஏதாவது நடந்ததா என்று கேட்கிறார். மன்னிப்புக்காக இருவரும் கொடுத்துக்கொள்ள நேர்ந்த முத்தம் இருவர் நினைவிலும் வந்துபோகிறது.