'ஸ்ட்ராட்' என்று போட்டிருந்தால் பொருந்திவிடுமா?

மறுபடியும் ஒரு கிட்டார் பாடி, அதாவது அதன் மர உடல், பழுதுபார்க்க வந்திருக்கிறது. நல்ல ஆல்டர் மரம், ஆசையாக அடித்த லாக்கர் பூச்சு. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் உட்காரும் இடம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஓரத்து இரண்டு திருகு ஓட்டைகளும் எட்டு என்ற எண் மாதிரி ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன.

கொண்டுவந்த தம்பி சொன்னது, எல்லாரும் சொல்வதுதான்: "வாங்கினதுல ஸ்ட்ராட் பிரிட்ஜ்னுதாண்ணா போட்டிருந்தது."

ஸ்ட்ராட் என்பது ஒரு வடிவத்தின் பெயர், அளவின் பெயர் அல்ல. ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்த பிறகு, அதன் சாயலில் கிட்டார் செய்யாத நாடு குறைவு. ஆளாளுக்கு ஓர் அளவு. பழைய ஃபெண்டர் முறைப்படி, ஆறு திருகு பிரிட்ஜில் முதல் திருகுக்கும் கடைசித் திருகுக்கும் இடைவெளி 56.4 மி.மீ. ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் அது 52.5. ஆக, ஓரத்துத் திருகு பக்கத்துக்கு ஏறக்குறைய 2 மி.மீ. தள்ளி விழும். திருகின் பருமனோ சுமார் 3.5 மி.மீ. புது ஓட்டை போடும்போது ட்ரில் பிட் பழைய ஓட்டைக்குள்ளேயே சறுக்கிவிடும். பிரிட்ஜ் கோணலாக உட்காரும். அப்புறம் மெல்லிய ஈ (E) கம்பி, உயர் ஸ்வர ஃப்ரெட்டுகளில் (நெக்கில் பதித்த உலோகக் கோடுகள்) நெக்கின் விளிம்பைத் தாண்டி நழுவுகிறது என்றால், குற்றம் நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், இல்லை.

"சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம்" என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஸ்கேல் என்பது நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து சாடில் வரையுள்ள நீளம். ஃபெண்டர் ஸ்கேல் 25.5 அங்குலம், இன்னொரு கம்பெனியான கிப்சனுடையது 24.75. இரண்டுக்கும் வித்தியாசம் 19 மி.மீ. சாடில் திருகு இருப்பது நுண்ணிய திருத்தத்துக்கு. இவ்வளவு தூரத்தை அது ஈடுகட்டாது.

அங்குலத் திருகையும் மெட்ரிக் திருகையும் கலக்காதீர்கள். 5/16 அங்குல ஸ்டட் (பிரிட்ஜைத் தாங்கும் தடித்த திருகு) 7.94 மி.மீ.; கண்ணுக்கு எம்8 என்ற 8 மி.மீ. மெட்ரிக் திருகு மாதிரியே இருக்கும். இரண்டு சுற்று போய் இறுகினால் நிறுத்துங்கள். ஸ்பேனர் வைத்து முறுக்கினால் மரை போய்விடும். சிடிஎஸ் கம்பெனியின் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) மாட்ட 9.5 மி.மீ. ஓட்டை வேண்டும். 8 மி.மீ. ஓட்டையை ட்ரில்லால் விரிக்கப் போனால் பிட் கவ்வி லாக்கரைப் பெயர்க்கும். கை ரீமரால் (கையால் திருகி ஓட்டையை விரிக்கும் கருவி) மெதுவாக விரியுங்கள்.

தயவுசெய்து, முதலில் நெக்கை மாட்டுங்கள். பிரிட்ஜை மாஸ்கிங் டேப்பில் ஒட்டி, நட்டின் இரண்டு ஓரப் பள்ளங்களிலிருந்தும் சாடில் வரை தையல் நூல் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரு பக்கமும் விளிம்பு ஒரே அளவு மிஞ்ச வேண்டும். நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை எவ்வளவோ, அங்கிருந்து மெல்லிய ஈ சாடிலுக்கும் அவ்வளவு. அந்த நிலையில் சாடில் முன்பக்கம் இருக்கட்டும். சுருதி திருத்த அது பின்னே போக இடம் வேண்டும். எர்த் வயர் வரும் துளை பிரிட்ஜுக்கு அடியில் விழுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ட்ரில்லைத் தொடுங்கள்.

ஏற்கெனவே தப்பாகப் போட்டாயிற்றா? பல்குச்சியும் பசையும் வைத்து அடைப்பது தளர்ந்த திருகுக்குத்தான் சரி. 10–46 பருமன் கம்பி செட்டை ஏற்றினால் மொத்த இழுவை 45 கிலோவைத் தாண்டும். பழைய ஓட்டையைச் சுத்தமாக விரித்து, கெட்டி மர முளையில் மரப்பசை தடவி அடித்து, மேலே சமமாகச் சீவுங்கள். ஒரு முழு நாள் காயட்டும். கல்யாணக் கச்சேரி நாளைக்கே இருந்தாலும் சரி, வேறு கிட்டாரை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள்.