யாழ்ப்பாணத்து மண் பட்டறைகளுக்கு அடுத்த கை எங்கே?

டொரோண்டோவில் இயங்கும் பழைய மாணவர் சங்கம் ஒன்று, தனது கடதாசிச் சீட்டாட்டச் சுற்றுப்போட்டிக்குக் கல்லூரிச் சின்னம் பொறித்த களிமண் சில்லுகள் செய்து தர முடியுமா என்று இங்குள்ள ஒரு சிறு பட்டறையைக் கேட்டிருந்தது. 304 ஆடுபவர்களுக்கும் போக்கர் ஆடுபவர்களுக்கும் பொதுவாக, கசினோக்களில் பணத்துக்குப் பதிலாகப் புழங்குவதைப் போன்ற சில்லு. ஊர் மண்ணில் செய்தால் கையில் எடுக்கும்போதெல்லாம் ஊர் நினைவு வரும் என்பது அவர்களுடைய ஆசை. மட்பாண்டத் தொழில்நுட்பம் படித்து, வடக்கின் சிறு பட்டறைகளுக்கு மண் கலவை, அச்சு, சூளை பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில். பட்டறைக்காரர் கேட்டபோது, இந்த ஓடரை எடுக்க வேண்டாம் என்றேன்.

காரணம் எளிமையானது. கசினோச் சில்லின் வழக்கமான குறுக்களவு 39 மில்லிமீற்றர். தடிப்பு மூன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை. எங்கள் களி ஈரமாக இருக்கும் நிலையிலிருந்து சுட்டு முடியும்வரை ஏறத்தாழப் பத்து வீதம் சுருங்கும். ஆகவே 39 மில்லிமீற்றர் வேண்டுமானால் அச்சு 43 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். அதுகூடப் பெரிய சிக்கல் அல்ல. அவ்வளவு மெல்லிய வட்டம் காயும்போது ஓரம் மேலெழுந்து வளையும். வளைந்தவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. சீமெந்துத் தரையில் ஒருமுறை விழுந்தால் இரண்டாகும்.

உலகச் சந்தையில் களிமண் சில்லு என்று விற்கப்படுவது சுட்ட மண்ணே அல்ல. மண்ணும் வேறு நிரப்பிகளும் பிணைப்புப் பொருளும் சேர்ந்த ஒரு கலவையைச் சூடாக்கிய உலோக அச்சுக்குள் வைத்துப் பேரழுத்தத்தில் அமுக்கி எடுப்பார்கள். ஓரத்தில் தெரியும் நிறத் துண்டுகளைத் தனித்தனியே வெட்டிப் பதிப்பார்கள். கலவையின் விகிதம் ஒவ்வொரு நிறுவனத்தின் இரகசியம். பெரிய கசினோக்களுக்குச் சில்லு செய்த கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனலை 2019 இல் ஜப்பானின் ஏஞ்சல் குழுமம் வாங்கிவிட்டது. தனி ஆட்களும் சிறு சங்கங்களும் தங்கள் பெயரில், தங்கள் நிறத்தில் சில நூறு சில்லுகள் வேண்டுமென்றால் அவர்களுக்கு மிஞ்சியிருப்பவர்கள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு தயாரிப்பாளர்கள்தான். பழைய அழுத்த இயந்திரங்கள், பழைய அச்சுகள், பழகிய சில கைகள். அவர்களுடைய வாசலில் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கிறார். அவர்களுக்குப் பின் யார் என்பதற்கு அங்கும் பதில் இல்லை.

அந்தச் சங்கத்துக்கு, சில்லுக்குப் பதிலாக வெற்றியாளர்களுக்கான தடித்த மண் பதக்கம் செய்து தரலாம் என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அமெரிக்கச் சில்லுத் தயாரிப்பாளரின் நிலையும் எங்கள் பட்டறையின் நிலையும் இவ்வளவு ஒத்திருப்பது என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் பெயர் பொறித்து, அளவு சொல்லி, மண்ணில் பொருள் செய்விப்பவர்கள் குறையவில்லை. மணமக்கள் பெயருடன் பொங்கல் பானை, கோயில் முத்திரையுடன் விளக்கு, உணவகத்துக்குக் கறிச்சட்டியும் தண்ணீர்க் கூசாவும், வீட்டு வாசலுக்குப் பெயர்ப் பலகை. புலம்பெயர்ந்தவர்கள் விடுமுறைக்கு வரும் மாதங்களில் கேட்பவர்கள் இன்னும் அதிகம். 2022 இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது மண் அடுப்பையும் சட்டியையும் தேடி அலைந்தவர்களை எல்லோரும் பார்த்தோம். ஆகவே இந்தத் தொழிலை யாரும் விரும்பாததால் அழிகிறது என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. விருப்பம் இருக்கிறது. அதை நிறைவேற்றும் கைகள்தான் குறைகின்றன.

முதலில் மண். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல், அதன்மேல் செம்மண். தோட்டத்துக்கு அது பொன். பானைக்கு உதவாது. நான் அறிந்த பட்டறைகள் வன்னிப் பக்கத்துக் குளத்துக் களியை நம்பியே ஓடுகின்றன. ஏற்றுக்கூலி கட்டுப்படியாகாத வேளைகளில் சிலர் உள்ளூர் மண்ணைக் கலந்து பார்க்கிறார்கள். அங்கேதான் வினை தொடங்குகிறது. அந்த மண்ணில் கடுகளவு சுண்ணக்கல் துணுக்கு ஒன்று இருந்தால் போதும். சூளையின் வெப்பம் 800 பாகை செல்சியசைத் தாண்டும்போது அது நீறாத சுண்ணாம்பாகிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது விளக்கு அழகாக இருக்கும். விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே இருக்கும் சுண்ணாம்போ காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கத் தொடங்கியிருக்கும். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, விளக்கின் பக்கத்தில் நகத்தளவு செதில் ஒன்று தெறித்து விழும். விழுந்த குழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அதற்குள் பொருள் பொதியில் ஏறிக் கடல் கடந்திருக்கும். வாங்கியவர் தரமற்ற வேலை என்று நினைப்பார். இனிக் கேட்கமாட்டார்.

இதற்கு வழி உண்டு. காய்ந்த மண்ணில் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணக்கல் இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, மிக நுண்ணிய அரிதட்டில் வடிக்க வேண்டும். சூளையை 750 பாகைக்குள் நிறுத்துவதும் உதவும். வேறு வழியே இல்லையென்றால், எடுத்த பொருளைக் கை பொறுக்கும் சூட்டிலேயே தண்ணீரில் அமிழ்த்தி ஊறவிட்டால் சுண்ணாம்பு அங்கேயே நீறி, பின்னாளில் தெறிப்பது பெரும்பாலும் குறையும். இந்தக் கடைசி முறையை நான் பாடப்புத்தகத்திலும் படித்தேன். படிப்பறிவு அதிகம் இல்லாத ஒரு முதியவர் காரணம் எதுவும் சொல்லாமல் அதையே செய்துகொண்டிருந்ததையும் கண்டேன். "தம்பி, இந்தக் களியை ஒரு மாரி நனைய விட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சொல் கேட்காது" என்பார் அவர். வெயிலும் மழையும் பட்டுக் களி பதப்படுவதைத்தான் அப்படிச் சொல்கிறார். அவர் சொன்னதில் ஒரு வரிகூட எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மண்ணை முறையாகப் பெறுவதும் எளிதல்ல. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி அகழ்வதற்கும் கொண்டுசெல்வதற்கும் அனுமதி வேண்டும். மணல் கொள்ளை எங்கள் ஆறுகளையும் கரைகளையும் என்ன செய்திருக்கிறது என்று அறிந்தவன் என்ற முறையில் இந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டுக்குச் சில உழவு இயந்திரப் பெட்டி களி மட்டும் தேவைப்படும் ஒரு குடும்பம், தொழிலை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக நடக்க வேண்டியிருக்கிறது. நடக்க முடியாதவர் கிடைத்த இடத்தில் கிடைத்த மண்ணை வாங்குகிறார். வழியில் பொலிஸார் மறித்தால் காட்டுவதற்கு அவரிடம் கடதாசி இல்லை. ஒரு பிரதேசத்துப் பட்டறைகள் சங்கமாகச் சேர்ந்து பிரதேச செயலகம் ஊடாக ஒரே விண்ணப்பமாகக் கேட்பதும், குளங்கள் தூர்வாரப்படும்போது எடுக்கும் களியில் ஒரு பங்கை ஒதுக்கித் தரும்படி கோருவதும்தான் எனக்குத் தெரிந்த நடைமுறை வழி. தனியாகப் போகிறவருடைய கோப்பு மேசையில் கிடக்கும்.

அடுத்தது மாரி. எங்கள் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டுகிறது. விளக்குக்கான பெரிய ஓடர்கள் தீபாவளிக்கும் கார்த்திகை விளக்கீட்டுக்கும் வருகின்றன, அதே மாதங்கள். காயாத மண்ணைச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொருளை வெடிக்கச் செய்யும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கத்தின் மழை குடாநாட்டை வெள்ளக்காடாக்கியபோது, விளக்கீட்டுக்கென்று அடுக்கி வைத்திருந்த, இன்னும் சுடாத பச்சை விளக்குகள் மீண்டும் சேறாகிப் போனதைப் பார்த்தேன். நவம்பரில் வந்து நூறு விளக்கு கேட்பவருக்கு இது தெரியாது. தெரியாததால் கோபிக்கிறார்.

இவையெல்லாம் இருந்தாலும் என்னை ஆழமாக வருத்துவது செய்முறை ஒரே ஆளின் தலைக்குள் இருப்பதுதான். 1995 ஒக்டோபர் 30 இல் போரினால் இடம்பெயர்ந்து வலிகாமப் பகுதி முழுதும் எழுந்து நடந்தபோது சக்கரத்தையும் சூளையையும் யாரும் தூக்கிச் செல்லவில்லை. கையோடு போனது வேலை தெரிந்த அறிவு மட்டுமே. திரும்பி வந்து தொழிலை மறுபடி எழுப்பியதும் அதே அறிவுதான். அன்று நாற்பது வயதிலிருந்த கைகளுக்கு இன்று எழுபது. யாழ் நகருக்கு அருகே ஆனைக்கோட்டையில் 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது பெருங்கற்காலக் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. அந்த ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அதைச் செய்தவர் களியை எத்தனை நாள் ஊறவிட்டார் என்று அவரிடம் கேட்க முடியாது. இன்றிருப்பவரிடம் கேட்க முடியும்.

பிள்ளைகள் வருவதில்லை என்று பலர் குறைசொல்கிறார்கள். நான் குறைசொல்லமாட்டேன். பிறப்போடு ஒட்டப்பட்ட குலத்தொழில் என்ற முத்திரையை எங்கள் சமூகம் எவ்வளவு கொடுமையாகப் பயன்படுத்தியது என்பதை எல்லோரும் அறிவோம். அந்த முத்திரையிலிருந்து விடுபடுவதற்காகவே படித்து வெளியேறிய பிள்ளைகள் செய்தது நியாயம். இந்தத் தொழிலைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை மட்டும் பார்த்துக் கையேந்துவதை நிறுத்த வேண்டும். தச்சு வேலைக்கும் மின்னிணைப்புக்கும் யார் பிள்ளை என்று கேட்காமல் பயிற்சி தருகிறோம். மண் வேலைக்கும் அப்படியே தர வேண்டும். தேசிய அருங்கலைகள் பேரவை, கைத்தொழில் அபிவிருத்திச் சபை போன்றவற்றின் பயிற்சிகள் சில நாள் பட்டறையாக முடிந்துவிடாமல், ஒரு முதியவரோடு இரண்டு மாரி, இரண்டு கோடை இருந்து பழகும் கொடுப்பனவுடன் கூடிய பயிலுநர் முறையாக மாற வேண்டும். முதியவருக்கும் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இலவசமாகக் கற்பி என்று கேட்பது அவமரியாதை.

அதுவரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒரு கொப்பி. எந்தக் குளம், எந்தக் கரை, எவ்வளவு ஆழத்துக் களி. எத்தனை சட்டி களிக்கு எத்தனை சட்டி மணல். எந்த மாதத்தில் எத்தனை நாள் காய்ந்தது. என்ன விறகு, எத்தனை மணி நேரம், சூளைக்குள் என்ன நிறம் தெரிந்தபோது நெருப்பை நிறுத்தினார்கள். சுருக்கத்தை அளக்க இயந்திரம் தேவையில்லை. ஈர மண் பட்டை ஒன்றில் சரியாகப் பத்து சென்ரிமீற்றர் கோடு கீறுங்கள். சுட்டபின் அதே கோட்டை அளவுகோலால் அளந்து, ஒன்பது வந்தால் பத்து வீதம் என்று பட்டையின் பின்னால் எழுதி ஆணியில் மாட்டுங்கள். புதிய களி வரும்போதெல்லாம் புதிய பட்டை. எழுத விருப்பமில்லாதவர்களிடம் பேரப்பிள்ளையைத் தொலைபேசியில் ஒளிப்பதிவு செய்யச் சொல்கிறேன். பேரனுக்குச் சொல்வதை அவர்கள் எனக்குச் சொல்வதைவிட நன்றாகச் சொல்கிறார்கள்.

விலையும் மாற வேண்டும். சந்தையில் இறக்குமதி விளக்கு என்ன விலையோ அதில் சற்றுக் கூட்டிக் கேட்பதுதான் பெரும்பாலான பட்டறைகளின் கணக்கு. அது தற்கொலைக்குச் சமம். நூறு விளக்கு கொடுக்க வேண்டுமென்றால் நூற்றிருபது செய்ய வேண்டும்; உடையும் இருபதின் கூலியும் விறகும் விலைக்குள் வர வேண்டும். பெயரும் சின்னமும் பொறிக்கும் அச்சுக்குத் தனி விலை. பாதிப் பணம் முன்னே வாங்காமல் அச்சில் கை வைக்க வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். பெயர் பொறித்த பொருளை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதை வாங்குபவரும் உணர வேண்டும்.

வாங்குபவர்களுக்கு இன்னும் சில. விளக்கீட்டுக்கு வேண்டிய விளக்கை ஆடி மாதத்திலேயே சொல்லுங்கள். வெயிலில் காய்ந்து, மழைக்கு முன் சூளை ஏறிவிடும். தைப்பொங்கல் பானையை நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு சொன்னால் நல்லது. ஒரு பானைக்கும் மற்றொன்றுக்கும் நிறம் சற்று மாறுவதைக் குறையென்று திருப்பியனுப்பாதீர்கள். நெருப்பு எங்கே எப்படிப் பட்டது என்பதைப் பொறுத்தது அது. உங்கள் சின்னத்துக்கு வெட்டும் அச்சு யாருடையது என்பதை ஓடர் கொடுக்கும்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் ஒப் பாரிஸ் அச்சு சில நூறு முறைக்குள் தேய்ந்து எழுத்து மங்கிவிடும். ஆகவே மரத்திலோ ரெசினிலோ மூல வடிவம் ஒன்றும் செய்விக்க வேண்டும். அதன் பின்புறத்தில் எந்தக் களி, எத்தனை வீதச் சுருக்கம், எந்த ஆண்டு என்று பட்டறைக்காரரைக் கொண்டு பொறிக்கச் செய்யுங்கள். அந்த மூன்றும் இருந்தால், பட்டறை கைமாறினாலும் அதே பொருளை இன்னொருவர் மறுபடி செய்ய முடியும்.