அப்கிரேடுக்கு நாள் குறிக்குமுன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டிலேயே எதீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பின் நோட் (அதன் கணக்கைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர்) ஓட்டுபவர்களுக்கும் அதன் காயின் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் ஒவ்வொரு பெரிய அப்கிரேடின்போதும் தேதிதான் கவலை. தேதிக்கு முன்பே கேட்க வேண்டியது, டெஸ்ட்நெட்டில், அதாவது உண்மைப் பணமில்லாத சோதனை வலையமைப்பில், என்ன நடந்தது என்பது.

அந்தக் காலச் செட்டியார்களின் ரங்கூன் கடைப் பேரேடும் ஊர்ப் பேரேடும் ஒரு காசு பிசகினாலும் ஐந்தொகை நேராகாது. எல்லாரும் பகிரும் கணக்கேடான பிளாக்செயினிலும் ஒவ்வொரு நோட்டும் தனியே கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வர வேண்டும். ஹார்டு ஃபோர்க் என்ற வகை அப்கிரேடில் கணக்கு விதியே மாறுகிறது. விதியை மாற்றும் எண்ணம் இல்லாதபோதுகூட ஆபத்து உண்டு. 2013 மார்ச்சில் பிட்காயினின் 0.8 பதிப்பு விதியை மாற்ற எண்ணாமல் டேட்டாபேஸை மாற்றியது. அது ஏற்ற ஒரு பெரிய பிளாக்கை, அதாவது பரிவர்த்தனைத் தொகுப்பை, பழைய பதிப்பு மறுக்க, சங்கிலி இரண்டாகப் பிரிந்தது. பிளாக்குகளை உருவாக்கும் மைனிங் குழுக்கள் 0.7-க்குத் திரும்பிய பிறகே ஒன்றானது.

எதீரியத்தின் பெக்ட்ரா அப்கிரேடை விரிவாகப் பார்க்கலாம். 2025 பிப்ரவரி 24 அன்று ஹோல்ஸ்கி டெஸ்ட்நெட்டில் அதை ஓட்டினார்கள். நோட்டை ஓட்டும் மென்பொருள்களான (கிளையண்ட்) கெத், நெதர்மைண்ட், பேசு மூன்றிலும் அந்த டெஸ்ட்நெட்டுக்கான டெபாசிட் கான்ட்ராக்ட் (பிணைக் காயினை ஏற்கும், சங்கிலியில் தானே ஓடும் நிரல்) முகவரி தவறாக இருந்தது. காயினைப் பிணையாக (ஸ்டேக்) வைத்து பிளாக்குகளுக்கு ஓட்டுப் போடும் வேலிடேட்டர்களில் பெரும்பான்மையினர் தவறான சங்கிலிக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். திரும்பி வரலாமென்றால், முரண்பட்ட ஓட்டுக்கு ஸ்லாஷிங் தண்டனை, அதாவது பிணையில் ஒரு பகுதி பறிபோகும். ஃபைனாலிட்டி (பிளாக் இனி மாறாது என்ற உறுதி) மீண்டும் கிடைக்க மார்ச் 10 ஆகிவிட்டது. மார்ச் 5-ல் செபோலியா என்ற இன்னொரு டெஸ்ட்நெட்டிலும் சிக்கல். கடைசியில் ஹூடி என்ற புது டெஸ்ட்நெட்டையே தொடங்கி, மார்ச் 26-ல் அதில் சோதித்த பிறகுதான் மே 7-ல் மெயின்நெட்டுக்கு, அதாவது உண்மைப் பணம் ஓடும் வலையமைப்புக்கு, வந்தது.

தள்ளிப்போடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது நல்ல சேதிதான். 2019 ஜனவரியில் எதீரியத்தின் கான்ஸ்டான்டினோப்பிள் அப்கிரேடுக்கு இரண்டு நாள்கூட இல்லாத நிலையில், ஸ்டோரேஜ் கட்டணக் குறைப்பு சில கான்ட்ராக்டுகளில் ரீஎன்ட்ரன்ஸி திருட்டுக்கு, அதாவது முதல் அழைப்பு முடியுமுன்பே மீண்டும் அழைத்துப் பணமெடுப்பதற்கு, வழிவிடும் என்று தெரிந்தது. நிறுத்தி, பிப்ரவரி 28-க்கு மாற்றினார்கள்.

எதீரியத்தில் ஃபைனாலிட்டிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஸ்டேக் ஒப்ப வேண்டும். ஆகவே, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டேக் ஓடும் கிளையண்டில் பிழை வந்தால் ஃபைனாலிட்டி நிற்கும். மூன்றில் இரண்டைத் தாண்டினால் தவறான சங்கிலியே உறுதியாகிவிடும். இதனால்தான் எல்லா கிளையண்ட் ஜோடிகளும் (பரிவர்த்தனையை நடத்தும் எக்ஸிக்யூஷனும் சங்கிலியில் ஒப்புதலைக் கவனிக்கும் கன்சென்சஸும்) டெஸ்ட்நெட்டில் தேறினவா என்று பார்க்கிறோம். கடைசி வாரத்திலும் அவசரத் திருத்தப் பதிப்பு வந்துகொண்டிருந்தால் அந்த அப்கிரேட் இன்னும் தயாராகவில்லை. பிட்காயினின் டேப்ரூட் அப்கிரேடுக்கு அடுத்தடுத்த 2016 பிளாக்குகளில் 1815-லாவது மைனர்களின் சம்மதம் தேவைப்பட்டது. 2021 ஜூனில் அது கிடைத்தும் நவம்பர் 14 வரை காத்தார்கள். மைனர்கள் தயார் என்றால் வாலட்டும் எக்ஸ்சேஞ்சும் தயார் என்று பொருளில்லை.

வீட்டில் ஓட்டுபவர்கள் எக்ஸிக்யூஷன், கன்சென்சஸ் கிளையண்ட் இரண்டையும் ஒரு வாரம் முன்பே புதுப்பியுங்கள். ஒன்றை மட்டும் புதுப்பித்து ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. லாகில் (கிளையண்டின் பதிவில்) ஃபோர்க் நேரம் சரியாக வருகிறதா பாருங்கள். பெக்ட்ரா வந்தது கத்திரி வெயிலில், நம் நேரம் பிற்பகல் 3.35-க்கு. அந்த நேரத்தில் கரண்ட் போனால் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஆஃப்லைனில் கிடந்தால் நஷ்டம் சொற்பம்தான். அதற்குப் பயந்து அதே வேலிடேட்டர் சாவியை இன்னொரு கம்ப்யூட்டரிலும் ஓட விடாதீர்கள். ஸ்லாஷிங் அப்படித்தான் வருகிறது.

காயின் மட்டும் வைத்திருப்பவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்ச் சில மணி நேரம் டெபாசிட்டையும் பணமெடுப்பையும் நிறுத்தலாம். "பழைய காயினைப் புதியதாக மாற்ற வேண்டும், 12 வார்த்தைகளை அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் கேட்பவர் திருடர்; அந்த வார்த்தைகள்தான் உங்கள் வாலட்டின் சாவி. எண்ணை பிளாக் செய்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் கொடுங்கள்.