வலி மாத்திரை சிறுநீர்ப் பாதையில் என்ன செய்கிறது?

சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் மதுரையில் சிறுநீரகக் கல் வலியோடு எங்களிடம் வருபவர்கள் கூடிவிடுவார்கள். கட்டட வேலைக்காரர்கள், மேலூர்ப் பக்கத்துக் குவாரித் தொழிலாளர்கள், நாள் முழுக்க ஆட்டோ ஓட்டுபவர்கள் என எல்லோருமே வியர்வையில் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க வாய்ப்பில்லாதவர்கள். விலாவில் தொடங்கித் தொடை இடுக்குவரை சுருட்டி இழுக்கும் அந்த வலியில் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. இவர்களில் பலருக்கு முதலில் போடுவது டைக்ளோஃபினாக் ஊசி. "இது மூட்டு வலி ஊசியாச்சே, கல்லுக்கு எதுக்கு டாக்டர்?" என்று கூட வந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 செ.மீ. நீளம் இருக்கும். அகலமோ சில மில்லிமீட்டர்தான். அதன் சுவரில் இருக்கும் மென்தசை, நம் விருப்பத்தைக் கேட்காமலே நிமிடத்துக்குச் சில முறை சுருங்கிச் சிறுநீரைக் கீழே தள்ளும். வழியில் கல் சிக்கினால் மேலே அழுத்தம் ஏறும். உடனே சிறுநீரகம் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைக் கூடுதலாக உண்டாக்கும். அதனால் ரத்த ஓட்டம் கூடி, சிறுநீரும் கூடுதலாக ஊறி, அழுத்தம் இன்னும் ஏறும். குழாய்த் தசையும் இறுகும், கல்லைச் சுற்றி வீக்கமும் வரும்.

டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மருந்துகள் அந்தப் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதையே தடுக்கின்றன. ஆஸ்பிரினை வைத்து 1971-இல் இதைக் கண்டு சொன்னவர் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர். 1982-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். ஊறல் குறைகிறது, தசை தளர்கிறது, வீக்கம் வடிகிறது. தசையை மட்டும் தளர்த்தும் மருந்தைவிடக் கல் வலிக்கு இது நன்றாகக் கேட்பது அதனால்தான். ஆனால் வலி நின்றதால் கல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இந்த ஊசி கல்லை வெளியே தள்ளாது. ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் குடிக்க வைப்பதும் வேண்டாம். அடைப்புக்கு மேலே அழுத்தம்தான் கூடும். நிறையத் தண்ணீர் குடிப்பது கல் வராமல் தடுக்க, வலி இல்லாத நாட்களில் செய்ய வேண்டியது.

அப்புறம், நான் அதிகம் கவலைப்படும் விஷயம் சிறுநீர்ப்பை. அது சுருங்கிக் காலியாவதற்கும் புராஸ்டாகிளாண்டின் துணை செய்கிறது. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கிய பெரியவர்களுக்கு ஏற்கெனவே முக்கித்தான் சிறுநீர் போகும். முட்டி வலிக்கு இந்த மாத்திரையைப் போட்டதும் அந்தச் சுருக்கமும் தளர்ந்து, அடியோடு அடைத்துக்கொள்ளலாம். வயிறு புடைத்து, துடித்துக்கொண்டு வருவார்கள். "என்ன மாத்திரை போட்டீங்க ஐயா?" என்று கேட்டால், "முட்டி வலின்னு மெடிக்கல்ல ரெண்டு கொடுத்தாக" என்று பதில் வரும். டியூப் போட்டுத்தான் சிறுநீரை எடுக்க வேண்டியிருக்கும். நெதர்லாந்தில் 45 வயதைக் கடந்த ஆண்களிடம் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களுக்குத் திடீர் அடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 2 மடங்கு இருந்தது.

வீட்டில் பேத்தி மாதவிடாய் வலிக்கு வாங்கி வைத்திருக்கும் மெஃபெனமிக் அமிலமும் டைசைக்ளோமினும் கலந்த மாத்திரையைத் தாத்தா வயிற்று வலிக்கு எடுத்துப் போடுவது இன்னும் ஆபத்து. அதில் இரண்டு மருந்துமே சிறுநீர்ப்பையைத் தளர்த்தும். சளி மாத்திரைகள் பலவும் இதே வேலையைச் செய்யும். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிற பெரியவர் வீட்டில் இருந்தால், மருந்துக்கடையில் தயவுசெய்து அதை முதலில் சொல்லுங்கள்.

சிறுநீரகத்தையும் மறக்கக் கூடாது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அதன் ரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது அதே புராஸ்டாகிளாண்டின்தான். வெயிலில் வேலை செய்துவிட்டு, ரத்தக் கொதிப்புக்கு எனலாப்ரில், டெல்மிசார்டான் வகை மாத்திரையும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர், உடம்பு வலிக்கு இதையும் நாள்கணக்கில் போட்டால், சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கல் வலிக்கு வேறு மருந்து இருக்கிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் இவ்வகை மாத்திரை குழந்தையின் சிறுநீரைக் குறைத்து, பனிக்குட நீரையும் குறைத்துவிடலாம்.

கல் அடைத்த இடத்தில் கிருமியும் சேர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே அடைப்பை எடுத்துவிட வேண்டும். காய்ச்சலும் குளிர் நடுக்கமும்தான் அதற்கு அறிகுறி. வலி மாத்திரை காய்ச்சலையும் அடக்கிவிடும் என்பதால், வரும்போது உடம்பு சுடாமல் இருந்தாலும் "நேத்து ராத்திரி குளிர் நடுக்கம் வந்துச்சா, கடைசியா எத்தனை மணிக்கு மாத்திரை போட்டீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்போம். மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள்.